நாள்பட்ட கல்லீரல் அழற்சி: மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

மஞ்சள் காமாலை என்றதும் தருமபுரி வட்டாரத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. இந்நம்பிக்கைக்கு ஆய்வு வரலாறும் உண்டு. சென்னையில் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லித் தூள் 30 நாட்கள் தரப்பட்டது. அதனை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்ததாக 1988-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அவ்வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் ஆய்வுக்குழுவில் இருந்தார். ஆயினும் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அம்முடிவு மீண்டும் கிட்டவில்லை. ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அந்தப் பெருமை மூலிகையைச் சேர்ந்துவிடுகிறது.

பி, சி வகைகள் அவ்வாறல்ல. ஆறு மாதங்களுக்கு மேல் உடலில் தங்கினால் அது நாள்பட்ட நோய். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு பி வகையும், 55 லட்சம் பேருக்கு சி வகையும் இருந்தன. வயிறு வீங்கி நீர் கோத்தல், இரத்த வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை கல்லீரல் செயலிழப்பின் அறிகுறிகள். இந்நிலையில் இன்டர்ஃபெரான் ஊசி ஆபத்தானது, மாத்திரைகளே வழி.

சி வகையை முற்றிலும் குணப்படுத்த முடியும். சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் மாத்திரைகளுடன் ரிபாவிரின் சேர்த்து 12 வாரங்கள், அது ஒவ்வாதவர்களுக்கு ரிபாவிரின் இன்றி 24 வாரங்கள். தொடங்குமுன் பி வகைக்கும் பரிசோதிக்க வேண்டும். இல்லையேல் மறைந்திருக்கும் பி வைரஸ் சீறி எழக்கூடும். அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்டது. 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்ததால் விலை பெருமளவு சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பி வகைக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். இவை வைரஸை அடக்குமே தவிர, பெரும்பாலும் அகற்றுவதில்லை. எனவே தலைப்பின் கேள்விக்கு விடை: கல்லீரல் சுருங்கிய நோயாளி பொதுவாக வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். உடல் தேறிவிட்டது என்று தாமாகவே நிறுத்தியவர்களுக்கு அழற்சி திடீரெனத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். டெனோஃபோவிர் எடுப்போர் சிறுநீரகச் செயல்பாட்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

அரூர், பென்னாகரம் பகுதிகளிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு செல்வோர், வெளியூரில் தங்கும் நாட்களுக்குரிய மாத்திரைகளைப் புறப்படுமுன்பே கேட்டுப் பெறுக. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதுபற்றி விசாரிக்கலாம்.