முகம் கேட்காதீங்க, மருந்து கேளுங்க



டிசம்பர் 1 வருகிறது. உலக எய்ட்ஸ் தினம். எல்லாக் கட்சிப் பக்கங்களிலும் ஒரு சிவப்பு ரிப்பன் படம் வரும், கீழே "விழிப்புணர்வு கொள்வோம்" என்று ஒரு வரி இருக்கும். டிசம்பர் 2 அன்று எல்லோரும் வேறு ட்ரெண்டிங்குக்குப் போய்விடுவார்கள்.

இந்தத் தடவை நம்ம ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ரிப்பன் படம் எல்லாரும்தான் போடுறாங்க. நம்ம ஏரியாவுல எச்.ஐ.வி. இருக்கிற ஒருத்தரைப் பேச வச்சு ஒரு நிமிஷ வீடியோ போட்டா என்ன? உண்மைக் கதைன்னாதான் ரீச் ஆகும்."

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. உண்மைக் கதை ரீச் ஆகும் என்பதும் சரி. சொல்லப்போனால், இந்த நாட்டில் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து வந்ததிலேயே அப்படிப்பட்ட கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அந்த வீடியோவை நாம் எடுக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்க.

*கதை சொன்னவர்கள் வாங்கிக் கொடுத்த மருந்து*

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆய்வு செய்தபோது தெரிய வந்தது. பத்து வருஷத்தில், 1996 வாக்கில், உயிரைக் காப்பாற்றும் கூட்டு மருந்து உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் விலை? ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். அதாவது மருந்து இருந்தது, ஏழைக்கு இல்லை.

அந்த நேரத்தில்தான் பாதிக்கப்பட்டவர்களே எழுந்து பேசினார்கள். 1997-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோர் சேர்ந்து அகில இந்திய அளவில் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். 1998-ல் அதே சென்னையில் பெண்களுக்கென்று தனி அமைப்பு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த கௌசல்யா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, இருபது வயசுகளிலேயே தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பொது மேடையில் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 'தப்பு செய்தவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்' என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 1998 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் சிகிச்சை உரிமைக்கான இயக்கம் ஒன்று பிறந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஜாக்கி அஹ்மத், அரசு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் இந்த மருந்து கிடைக்கும் வரை நானும் சாப்பிட மாட்டேன் என்று உறுதி எடுத்தார். 2000 ஜூலையில் டர்பன் நகரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், பள்ளியில் சேரவே போராட வேண்டியிருந்த 11 வயசுச் சிறுவன் என்கோசி ஜான்சன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று தன் அரசைக் கேட்டான். அடுத்த ஜூன் மாதம் அவன் இறந்துவிட்டான். 2002-ல் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் தாய்மார்களுக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது.

விலையை உடைத்தது நம்ம நாட்டு நிறுவனம். 2001 பிப்ரவரியில் சிப்லா, அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே! 1970-ல் நாம் போட்ட காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே ஏகபோகம் தர மறுத்ததால்தான் அது முடிந்தது. சட்டம் என்பது சும்மா காகிதம் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான், 2003 நவம்பர் 30 அன்று மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையை அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க எட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. அதில் ஒன்று நம்ம தாம்பரம் ஆஸ்பத்திரி.

2017 மார்ச்சில் இன்னொரு சம்பவம். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கான மருந்து சிரப் கிடைக்காமல் போனது. மாத்திரையை விழுங்க முடியாத சின்னப் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் சேர்ந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்களுக்கு மருந்து வேண்டும், நாங்கள் வாழணும் என்பதுதான் அதன் சாரம். நாடே அதைப் பேசியது. 2022 ஜூலையில் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் 40 நாளுக்கும் மேல் போராட்டம் நடத்தினார்கள். ஒரு மாத மாத்திரை வாங்க வேண்டியவர்களுக்குச் சில நாள் மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பது அவர்கள் புகார்.

கவனிச்சீங்களா? இவர்கள் யாரையும் யாரும் கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்தவில்லை. எப்போது பேசுவது, எவ்வளவு சொல்வது, பெயரோடா பெயர் இல்லாமலா என்பதை அவர்கள், அல்லது அவர்களோடு நின்ற குடும்பங்களும் அமைப்புகளும் முடிவு செய்தன. அருகில் ஒரு சங்கம் இருந்தது. பேசி முடித்த பிறகு தனியாக வீட்டுக்குப் போக வேண்டிய நிலை இல்லை.

*அந்தத் துணை இல்லாமல் போனால்*

இதற்கு நாம் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டாம். கயத்தாறிலிருந்து நாலு வழிச்சாலையில் மதுரை போகிற பஸ் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் சாத்தூர்.

2018 டிசம்பரில் அங்கே ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. முன்பே ஒரு தடவை ரத்ததானம் செய்தபோது எடுத்த பரிசோதனையிலேயே தெரிந்திருந்தும், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்? ஓடி ஒளியவில்லை. என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீங்க என்று தானாகவே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

பிறகு அது மாநிலம் முழுக்கச் செய்தியானது. ஒளிக்காமல் உண்மையைச் சொன்ன அந்தப் பையன் அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு உறுதியானது. மருந்து தன் வேலையைச் செய்தது. மனுஷங்கதான் செய்யலை.

பெயரும் ஊரும் வெளியே வருவது என்பது எச்.ஐ.வி. விஷயத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைவிட யாரும் சொல்லத் தேவையில்லை. 1799-ல் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண் நம்ம கயத்தாறு. ஊர் பார்க்க ஒருத்தரை நிறுத்துவதன் அர்த்தம் நமக்குத் தெரியும்.

டெக்னிக்கலாகவும் சொல்கிறேன். "முகத்தை ப்ளர் பண்ணிடலாம்ணே" என்று சொல்வீங்க. குரல் இருக்கே? பின்னால் தெரியும் சுவர் காலண்டரில் கடை பெயர் இருக்கே? நம்ம மாதிரி சின்ன ஊரில் ஒருத்தரை அடையாளம் காண அவருடைய செருப்பு போதும். பதிவை நாம் அழிக்கலாம், அடுத்தவர் போனில் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்க முடியாது. நம்ம பதிவின் ஆயுசு ரெண்டு நாள். அவர் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் வரைக்கும் அந்த ஸ்க்ரீன்ஷாட் இருக்கும்.

*சட்டம் என்ன சொல்கிறது*

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 ஏப்ரலில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி:

▪️ யாரையும் தன் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.
▪️ வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, வாடகை வீடு, எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது.
▪️ எச்.ஐ.வி. உள்ளோர் மேல் வெறுப்பைப் பரப்பும் தகவலை வெளியிட்டால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.
▪️ ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றால் அவர் 24 மணி நேரத்துக்குள் உத்தரவு போட வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் 14-ஆவது பிரிவில் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு ஏ.ஆர்.டி. சிகிச்சை தர நடவடிக்கை எடுக்க வேண்டும், "இயன்றவரை". மசோதாவாக இருந்தபோதே எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் இந்தச் சொல்லை எடுங்கள் என்று கேட்டன. எடுக்கவில்லை. 2022-ல் டெல்லியில் மாத்திரைக்காக உட்கார்ந்தவர்களுக்கு அந்த 'இயன்றவரை'யின் அர்த்தம் புரிந்திருக்கும்.

*நம்ம பக்கத்து நிலவரம்*

இன்றைக்கு எச்.ஐ.வி. என்பது மரண தண்டனை இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 15 முதல் 45 சதவீதம் வரை பரவ வாய்ப்பு உண்டு. முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

எல்லாமே 'விடாமல்' என்ற ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது. அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது.

இப்போ யோசிங்க. கயத்தாறு பக்கத்துக் கிராமத்தில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, மருந்து வாங்க தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வையுங்க. பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போச்சு. "மாசாமாசம் அந்தத் தேதிக்கு எங்கே போறே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பொய் வேற. பக்கத்திலேயே மையம் இருந்தாலும், தெரிந்தவங்க பார்த்துவிடுவார்களோ என்று தூர ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே போய் நின்றபின் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால்? அந்த அக்கா யார் என்று தெரிந்துகொள்வது நம்ம வேலையே இல்லை. அந்தப் பதில் அவருக்கு வராமல் பார்ப்பதுதான் நம்ம வேலை.

*நாம் செய்ய வேண்டியது*

▪️ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போடுங்க. நம்ம மாவட்டத்தில் கடந்த ஒரு வருஷத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது? ஆலோசகர், லேப் டெக்னீஷியன் பணியிடம் எத்தனை காலி? இந்தக் கேள்விகளுக்கு எந்த நோயாளியின் பெயரும் தேவையில்லை.

▪️ நிலையாக இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் சில மாத மருந்து தரும் முறை இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் அது பெரிதும் கை கொடுத்தது. நம்ம பகுதியில் அது முழுசாக நடக்கிறதா என்று கேளுங்க. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுக்கலாம்.

▪️ "இயன்றவரை" என்ற சொல்லை நீக்கச் சொல்லி நம்ம எம்.பி.க்கு எழுதுங்க. எந்தக் கட்சி எம்.பி. என்றாலும் சரி.

▪️ யாராவது தானாக முன்வந்து "நான் பேசுறேன்" என்றால், உடனே போனை எடுக்காதீங்க. எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்பில் ஒருவரை அவரோடு பேச வையுங்க. வீட்டில் தெரியுமா, பிள்ளைகள் படிக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று அவர் யோசிக்க நேரம் கொடுங்க. எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கடைசி நிமிஷத்தில் "வேண்டாம்" என்றாலும் அத்தோடு விட்டுவிடணும்.

▪️ சிகிச்சைப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வரிசையில் நிற்பவர்கள் போட்டோ, எதுவும் எந்தக் குழுவிலும் போகக்கூடாது. "உதவிக்காகப் பகிரவும்" என்று வந்தாலும் கூடாது.

▪️ பரிசோதனை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகம் கேட்க 1097, கட்டணம் இல்லாத எண். மனசு உடைந்து போனால் 104-க்குப் பேசுங்க.

அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்க ஆர்வம் வீண் இல்லை, தம்பி. வீடியோ எடுங்க. ஆனால் கேமராவை அதிகாரிகள் பக்கம் திருப்புங்க, "மருந்து ஏன் இல்லை?" என்று கேளுங்க. உண்மைக் கதை அவர்களுடையது. சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் உரிமை. அவர்கள் வாயைத் திறக்காமலே மருந்து வீடு வந்து சேரும்படி செய்வது நம்ம அரசியல்.

இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பதிவையும் படிப்பீங்க. உங்களிடம் நாங்க எதுவும் கேட்கவில்லை. உங்களுக்காகக் கேட்க நாங்க இருக்கோம்.

படித்தவர்கள் பகிருங்கள்.

தகவல் தொழில்நுட்ப அணி
கயத்தாறு ஒன்றியம்

#மருந்து_சலுகை_அல்ல_உரிமை
#இயன்றவரை_வேண்டாம்