பாரசீகம் படித்தால் சோறு போடுமா?

பல்கலைக்கழகத்தில் உளவியலோடு பாரசீக மொழியையும் பண்பாட்டையும் இணைத்துப் பயில விரும்பும் பிள்ளையிடம் நம் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி இதுதான். ஆசிரிய நண்பர்கள் சிலரும் இதையே வழிமொழிகின்றனர். "உளவியல் சரி, பாரசீகம் எதற்கு?" என்கின்றனர். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் இவ்வாறு இரு துறைகளை இணைத்து நான்காண்டுகள் பயிலும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே அது விந்தையன்று.

மனித மனம் எங்கும் ஒன்றே, ஆங்கிலத்தில் படித்தால் போதும் என்ற நம்பிக்கையே இக்கேள்வியின் வேர். 2010-இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்நம்பிக்கையை அசைத்தனர். முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றோரில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே வாழும் மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். எஞ்சிய மாந்தரின் மனத்தை யார் படிப்பது?

பாரசீகத்தில் 'தெல்' என்றால் நெஞ்சம், 'தங்' என்றால் குறுகியது. ஒருவரைப் பிரிந்து ஏங்குபவர் "உனக்காக என் நெஞ்சம் குறுகிவிட்டது" என்பார். ஈரானில் களப்பணி செய்த பைரன் குட் என்னும் மானிடவியலாளர், அங்குள்ளோர் 'நெஞ்ச நோவு' என்று கூறுவதில் படபடப்பு மட்டுமன்றித் துக்கமும் கவலையும் குடும்பச் சுமையும் அடங்கியிருப்பதை 1977-இல் விளக்கி எழுதினார். மொழி அறியாத மருத்துவர் இதய நோய் என்றே எழுதிக்கொள்வார். நம் பாட்டி "வயிற்றெரிச்சல்" என்றால் இரைப்பைக்கு மருந்து கொடுப்பதைப் போன்றதுதான் இதுவும்!

'தாரோஃப்' என்னும் உபசார மரபையும் எண்ணிப் பாருங்கள். கொடுப்பதை உடனே பெறாமல் ஓரிரு முறை மறுப்பது அங்கே பண்பாடு. "உதவி வேண்டுமா?" என்று கேட்கும் ஆலோசகர், முதல் மறுப்பைக் கேட்டதும் கோப்பை மூடிவிட்டால் என்னாகும்? 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபின் அயல்நாடுகளில் தஞ்சம் புகுந்த ஆப்கானியர் பலரின் தாய்மொழி தாரி. அதுவும் பாரசீகமே. துயருற்ற அம்மக்களிடம் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசவல்ல உளவியலாளருக்கு வேலை இல்லை என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்?

இலக்கியமும் இங்கே ஒப்பனைப் பொருளன்று. 13-ஆம் நூற்றாண்டில் ரூமி இயற்றிய 'மஸ்னவி'யின் முதற்கதையில், நோயுற்ற பெண்ணின் நாடியைப் பிடித்தபடி மருத்துவர் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார். சமர்கந்து என்றதும் நாடி துள்ளுகிறது. நோய் உடலில் இல்லை, அவ்வூரில் உள்ள பொற்கொல்லன்மீது கொண்ட காதலில் இருக்கிறது என்பது தெளிகிறது. உளவியல் மாணவர் படிக்க வேண்டிய கதையல்லவா இது?

பாரசீகம் நமக்கு அந்நியம் என்பாரும் உளர். வாரந்தோறும் 'பாசார் மாலாம்' செல்லும் நாம் உச்சரிக்கும் 'பாசார்' பாரசீகச் சொல்தான். 'சர்க்கார்', 'தர்பார்' ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே.

என்னை உறுத்துவது வேறொன்று. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்க முன்வரும் மாணவரையும் இதே "சோறு போடுமா?" என்ற கேள்விதான் தடுத்து நிறுத்துகிறது. கணக்கியல் பாடத்தை நோக்கி இக்கேள்வி எழுவதில்லை. மொழி என்றதும் மட்டும் நம் நாவில் எழுகிறது. தமிழாசிரியர் சிலரே தம் பிள்ளைகளிடம் இதைக் கேட்கின்றனர். அவர்களுக்கு ஊதியம் வருவது எந்தப் பாடத்தால் என்று நான் கேட்கலாமா?