ஆறு இலக்கமும் ஓர் அச்சமும்

சென்ற போயா தினத்தன்று மாலை எமது ஊர் வாசிகசாலையில் ஒரு வகுப்பு நடத்தினோம். பிள்ளைகளுக்கன்று, அவர்தம் தாய் தந்தையருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும். கைத்தொலைபேசி வழியாக வரும் கள்வரை இனங்காண்பது எவ்வாறு என்பதே பாடம்.

கடவுச்சொல் நீண்டதாயிருத்தல் வேண்டும் என்று நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், மூதாட்டி ஒருவர் எழுந்தார்.

"தம்பி, நான் கடவுச்சொல்லை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஃபோனுக்கு வந்த இலக்கத்தைத்தான் சொன்னனான்."

வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தானாம். உடனே சொல்லாவிடின் கணக்கு முடக்கப்படும் என்றானாம். கண் சத்திரசிகிச்சைக்கென மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் சில நிமிடங்களில் போய்விட்டது. மகனுக்கு அவர் அதனை இன்னும் அறிவிக்கவில்லை. "என்னெண்டு சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு."

பின் வாங்கில் எவரோ நகைத்தனர். நாம் எழுதிச் சென்ற குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, அவ்விலக்கத்தைப் பற்றியே பேசலானோம்.

ஆறு இலக்கங்கொண்ட எண்ணொன்று 000000 முதல் 999999 வரை பத்து இலட்சம் வகையாக அமையலாம். சில தடவை பிழையாக இட்டால் வழி அடைபட்டுவிடும். சிறிது நேரத்தில் எண்ணும் செல்லாதாகிவிடும். ஆகவே அதனை ஊகித்தறிதல் கள்வனுக்கு அரிது. அதனாலேயே அவன் நம்மிடம் கேட்கிறான். அவ்வெண் நமது கையொப்பத்தைப் போன்றது. அதனைப் பிறருக்குச் சொல்லுதல், அவர் எழுதிய காசோலையில் நாம் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும். தானே அனுப்பிய எண்ணை வங்கி நம்மிடம் தொலைபேசியிற் கேட்க வேண்டிய தேவை யாது? வட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்ற முயல்வோர் கேட்பதும் இத்தகைய ஆறிலக்க எண்ணையே.

அவசரப்படுத்தும் அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பின்னர் வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். உறவினர் பெயரில், "அவசரம், காசு அனுப்பு" என்று செய்தி வரின், பணம் அனுப்புமுன் அவர் குரலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் இவ்வளவும் கூறி முடித்ததும், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மெல்ல எழுந்து, "எனக்கும் இது நடந்தது, மாஸ்டர்" என்றார். அவரைத் தொடர்ந்து மேலும் இருவர் தம் கதையைக் கூறினர். நகைப்பு அடங்கிவிட்டது. ஒரே ஊரில் நால்வர் இழந்திருந்தும், ஒருவர் இழந்தது மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை!

கள்வனுக்குப் பெருந்துணை இம்மௌனமேயாகும். பணம் போயிற்றென்று அறிந்தவுடன் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துவிக்க வேண்டும்; பின் பொலிசில் முறையிட வேண்டும். கணினி வழிக் குற்றங்களுக்கென 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் உண்டு. தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிக் கைமாறி மீட்க இயலாததாகிவிடும்.

மாணவர்களே, இன்றிரவு உணவுண்ணும் வேளையில் உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் இவ்விலக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். அத்துடன் இதனையும் சொல்லிவையுங்கள்: "ஏமாந்துவிட்டால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் சிரிக்கமாட்டேன்."