மலையைப் பத்தி எழுத யார் காசு தர்றது?

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு, வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தி வைக்கும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். ஜூலை 1-இல் யுஎஸ்எய்ட் அமைப்புக்கே மூடுவிழா. "அதுக்கும் ஊட்டிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கலாம். இருக்கு.

பல நாடுகளில் சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்குப் பயிற்சியும் நிதியும் தரும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், இன்டர்நியூஸ் அமைப்பின் திட்டம். அந்த இன்டர்நியூஸ் பெரிதும் நம்பியிருந்தது அமெரிக்க அரசுப் பணத்தைத்தான். இங்கே கதவு ஏற்கெனவே பாதி சாத்தியாச்சு. 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ சட்டப்படி, பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபரோ ஆசிரியரோ வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. அதனால் நம்ம ஊர்ப் பேப்பர் நாளைக்கே நின்றுவிடாது. ஆனா பயிற்சியும், பல நாட்டு நிருபர்கள் சேர்ந்து துருவுகிற வேலையும் குறையும்.

நீலகிரிக்கு இது ஏன் முக்கியம்? சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழக அரசு அறிவித்தது 2010-இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020 அக்டோபரில். பத்து வருஷம்! இப்படியொரு விவகாரத்தை விடாமல் பின்தொடர, ஒரு செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் பகுதிநேர நிருபரால் முடியுமா? பஸ் செலவுக்கே பத்தாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது பெரிய செய்தி ஆச்சு. எந்தச் சரிவில் யார் அனுமதியோடு மண் வெட்டினாங்க என்பது அந்த அளவுக்குப் பேசப்படாது. ஆனா அடுத்த மண்சரிவில் யார் வீடு போகும் என்பது அதில்தான் இருக்கு.

"வெளிநாட்டுக் காசில் எழுதினா உள்நோக்கம் இருக்காதா?" நியாயமான கேள்விதான். அப்போ ரிசார்ட் விளம்பரத்தில் ஓடும் பத்திரிகை, ரிசார்ட்டைப் பத்தி எழுதுமா? எந்தக் காசா இருந்தாலும் கணக்கை வெளியே வைக்கணும். ஒரே இடத்தை நம்பியும் இருக்கக் கூடாது.

நம்மால் முடிந்ததும் இருக்கு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். 10 மீட்டர் துல்லியம், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை. சிஎஸ்இ பசங்க இரண்டு வருஷப் படங்களை ஒப்பிடலாம், சிவில் படிக்கிறவங்க சரிவைக் கணக்கிடலாம். ஆர்டிஐ மனுவுக்கு 10 ரூபாய். 30 நாளில் பதில் தரணும்.

ஆனா படம் கேள்வி கேட்காது. நேரில் போய்க் கேட்க ஒரு நிருபர் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும். ஓடிடிக்கு மாசாமாசம் கட்டுகிற நாம, நல்ல செய்தித்தளம் ஒன்றுக்கும் சந்தா கட்டலாமே!