சிட்டியை மறுபடியும் கூண்டில் ஏற்றுங்கள்

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணிமாருக்குக் கிளாக்காக இருந்தே நரைத்தவன் நான். படம் பார்க்கப் போனாலும் புத்தி வழக்குப் பக்கம்தான் ஓடும். அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்: ஷங்கரின் 'எந்திரன்' ஒழுங்காக நடத்தி முடித்த வழக்கு. அதன் அடுத்த பாகமான '2.0' விசாரணை தொடங்கிய பிறகு பாதியில் கைவிட்ட வழக்கு.

2010 ஒக்டோபரில் வந்த 'எந்திரன்' சனத்துக்குப் பிடித்ததற்கு ரஜினி பாதிக் காரணம். மீதிக் காரணம் அவர் நடித்த சிட்டி என்ற இயந்திர மனிதன் செய்த பிழைகள். தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து கமராக்களுக்கு முன்னால் விடுகிறது அந்த இயந்திரம். உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்பதுதான் அதன் கணக்கு. அவளோ மானம் போனதே என்று ஓடி, லொறியில் அடிபட்டுச் சாகிறாள். குற்ற எண்ணம் துளியும் இல்லை, ஆனால் ஒரு உயிர் போய்விட்டது. எந்த நீதவானுக்கும் தலையிடி தரும் சங்கதி இது.

பிறகு அதே சிட்டி, தன்னை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரனின் காதலி சனாவைக் காதலிக்கிறது. வில்லன் போரா பொருத்திய சிவப்புச் சிப்பால் கொலைகாரனாகிறது. கடைசியில் சிட்டி செய்ததற்காக வசீகரன் கூண்டில் நிற்கும்போது, சிட்டியின் நினைவில் பதிந்த காட்சிதான் சாட்சியாக வந்து அவரை விடுவிக்கிறது. சிட்டியைக் கழற்றிவிடும்படி நீதிமன்றம் உத்தரவிடுகிறது. அது மேன்முறையீடு கேட்கவில்லை. பேசிக்கொண்டே தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிவைக்கிறது. கதாநாயகன், குற்றவாளி, சாட்சி எல்லாம் ஒரே ஆள். படத்தின் பலமே அதுதான்.

2018 நவம்பரில் வந்த '2.0'வை வெள்ளவத்தையில் முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். போன்கள் வீதியை மூடிப் பரவி, எழும்பி, ஒரு பெரும் பறவையாகக் கூடும்போது வாயைப் பிளந்தது உண்மை. ஆனால் இங்கே வழக்கு பக்ஷிராஜனுடையது. அக்‌ஷய் குமார் நடித்த அந்தப் பறவையியலாளர், கைத்தொலைபேசிக் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்று வாசல் வாசலாக ஏறி இறங்கி, ஒருவரும் காது கொடுக்காமல், கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலையும் அப்படிப்பட்ட முகங்களைப் புதுக்கடையில் நாளும் காண்கிறேன்.

அவர் சொன்னதைப் படம் விசாரித்திருக்க வேண்டும். சிட்டுக்குருவி குறைவதற்குக் கூடு கட்ட இடமின்மை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியின்மை என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கோபுரம்தான் கொன்றது என்பது நிரூபணமாகவில்லை. படம் திரைக்கு வரும் முன்பே இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைச் சபையிடம் முறையிட்டது. இன்னொரு வேடிக்கை, படத்தைத் தயாரித்த லைக்கா, நம் நாட்டில் பிறந்த சுபாஸ்கரன் சிம் விற்று வளர்த்த நிறுவனம். எதிர்வாதத்துக்கு இத்தனை இருந்தும், படம் விளையாட்டரங்கில் அடிதடியை வைத்துக் கதையை முடிக்கிறது. பிறகு வசீகரன் வந்து பக்ஷிராஜன் பக்கத்திலும் நியாயம் உண்டு என்கிறார். ஆளை முடித்த பிறகு வாசிக்கும் தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்?

சிட்டிக்கு இதில் அடியாள் வேலை மட்டும்தான். அது எதையும் புதிதாகக் கற்கவில்லை, எதற்கும் வருந்தவில்லை. 'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா 2008இல் மறைந்துவிட்டார், அவர் இல்லாத குறைதான் இது என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். ஜெயமோகன் வசனம் எழுதிய '2.0'வில் பக்ஷிராஜனின் முன்கதை உருக்கமாகவே வந்திருக்கிறது. கோளாறு கதையின் அத்திவாரத்தில் இருக்கிறது: நாயகன்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

மூன்றாம் பாகம் எடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், செலவைக் கூட்ட வேண்டாம். சிட்டியை மறுபடியும் கூண்டில் ஏற்றுங்கள், பதில் சொல்ல அது திணறட்டும். முதல் நாள் டிக்கட்டுக்கு நான் வரிசையில் நிற்கிறேன்.