சுழியும் சுரண்டலும்

மாட்டின் உடலில் மயிர் சுழித்து நிற்கும் இடத்தைக் கொண்டு, அதை வாங்குபவனின் வாழ்வையும் தாழ்வையும் கணிக்கும் சாத்திரம் ஒன்று தமிழரிடையே உண்டு. முதுகிலே பூரான் போன்ற சுழி தலையை நோக்கி ஏறினால் அது 'ஏறுபூரான்', குடி உயருமாம். வாலை நோக்கி இறங்கினால் 'இறங்குபூரான்', குடி கெடுமாம். காலிலே 'விலங்குச் சுழி' இருந்தால் உரியவன் சிறை புகுவானாம். 'பெண்டிழந்தான் சுழி' மனைவியையே பறித்துவிடுமாம்!

வெறுங்கதை என்று சிரித்துவிட்டுப் போகலாமா? முடியாது. இந்தக் கதைக்குச் சந்தையிலே விலை உண்டு. காங்கேயம் காளைகளுக்குப் பேர்போன கொங்குநாட்டில் இன்றும் சுழி பார்த்தே மாடு பிடிப்போர் பலர். கடலுக்கு இப்பால் எம்மவரிடையேயும் அந்த அச்சம் இல்லாமலில்லை.

கடனைத் தீர்க்கத் தன் ஒற்றை எருதை ஓட்டிவருகிறான் ஓர் ஏழை உழவன். தரகன் அதன் காலைத் தடவி உதட்டைப் பிதுக்குகிறான். எருதின் வலிமை குன்றவில்லை, நடை தளரவில்லை, விலை மட்டும் விழுந்துவிடுகிறது. விற்றவனுக்குத் தோஷமாயிருந்த சுழி, மலிவாய் வாங்கியவனுக்கு இலாபமாகிறது. உழவனுக்கு விலங்கு பூட்டியது எருதின் காலா, வட்டிக்காரனின் பத்திரமா?

மரபு முழுவதையும் தூக்கியெறியச் சொல்லவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்கிறானே உழவன், அது உழைப்பிலே பிறந்த அறிவு. கீழ்த்தாடையின் முன்வரிசையில் எட்டு நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைக்கும் ஒழுங்கை எவரும் சோதித்தறியலாம். சுழிச் சாத்திரமோ சோதனைக்கு அஞ்சுவது. கேடு வந்தால் சுழி பலித்தது என்னும். வராவிட்டால் வேறொரு நற்சுழி காத்தது என்னும். கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே, மயிர் வளரும் திசையால் அமைவது சுழி. நாளை தன்னை வாங்கப்போகிறவனின் விதியை அது எங்ஙனம் அறியும்?

நூற்றாண்டுகளாக மந்தைகளைச் சூறையாடிய வெக்கை நோய், ஏறுபூரானா இறங்குபூரானா என்று பார்த்துக் கொல்லவில்லை. அதை வென்றது நற்சுழியுமன்று, தடுப்பூசி. 2011ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

ஆசிரியர்களே, மாணவர்களே! உழவனின் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது எமது வேலையன்று. அந்த நம்பிக்கையால் கொழுப்பவன் யாரென்று அவனுக்குக் காட்டுவதே எமது கடமை. பல்லைப் பார்க்கட்டும், குளம்பைப் பார்க்கட்டும், நடையைப் பார்க்கட்டும். அவற்றுக்குரிய விலையை அவன் தலைநிமிர்ந்து கேட்கட்டும்.