ஹாய் கைஸ்!

1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி செய்தவர்களில் ஒருவன் கை ஃபாக்ஸ். நவம்பர் 5தோறும் எரிக்கப்பட்ட அவனுடைய கொடும்பாவியையும் 'கை' என்றார்கள். அந்தப் பொம்மைபோலக் கந்தலும் கோலமுமாகத் திரிந்தவன் 'கை' ஆனான். பிறகு அமெரிக்காவில் அச்சொல் எந்த ஆணையும் குறித்தது. ராஜத்துரோகியின் பெயருக்கே இத்தனை ஏற்றம்!

'ஹவுஸ்வைஃப்' என்பதிலிருந்து வந்த 'ஹஸ்ஸி'யைப் பாருங்கள். வீட்டைக் கட்டி ஆண்டவளைக் குறித்த சொல், நடத்தை கெட்டவள் என்ற வசையாகிவிட்டது. அவள் எந்த நாடாளுமன்றத்துக்கும் வெடி வைக்கவில்லை.

இப்போது பெண்கள் மட்டுமே இருக்கும் வகுப்பிலும் 'ஹாய் கைஸ்' என்கிறோம். பொதுச்சொல்தானே என்பார்கள். அப்படியானால் ஆண்கள் நிறைந்த வகுப்பில் 'ஹாய் கேர்ள்ஸ்' என்று சொல்லிப் பாருங்களேன். 'கேர்ள்' ஒருகாலத்தில் ஆண், பெண் குழந்தைகள் இருவருக்கும் பொதுவாக இருந்த சொல்தான்.